இடைத்தரகரை ஒழிப்பதற்கு முன்: மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், திருகோணமலை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நீங்கள் கூடிக் கலைந்த மறுநாள் பத்திரிகையில் தவறாமல் வந்துவிடும் வாக்கியம் ஒன்று உண்டு: உற்பத்தியாளருக்கும் நுகர்வோருக்கும் நடுவில் நிற்கும் இடைத்தரகரை ஒழிக்க வேண்டும். கட்சி மாறும், தலைவர் மாறுவார், வாக்கியம் மாறாது. ஒழிக்கப்பட வேண்டிய அந்த ஆட்களில் நானும் ஒருவன். மூதூர், கிண்ணியாப் பக்கத்து மாட்டுப் பட்டிகளிலிருந்து தயிர்ச் சட்டியும், நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்திலிருந்து சின்ன வெங்காயமும் எடுத்து நகரத்துக் கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் போடுகிறேன். ஆகவே இந்த மடலை என் பிழைப்புக்கான வக்காலத்து என்று நீங்கள் நினைக்கலாம். பாதி அப்படித்தான். மற்றப் பாதிக்காக முழுவதையும் வாசித்துவிடுங்கள்.

தயிரிலிருந்து தொடங்குகிறேன், எனக்கு நன்றாகத் தெரிந்தது அதுதான். எருமைப் பாலைக் காய்ச்சி, பதமாக ஆறவிட்டு, உறை ஊற்றிச் சட்டியில் வார்த்து வைத்தால் மறுநாள் காலை தயிர். மண்சட்டி நீரை உறிஞ்சிக்கொள்வதால்தான் அந்தக் கெட்டி. அதே மண்சட்டிதான் வழியில் உடைந்தும் தொலைக்கிறது. வாயைத் தாளால் மூடி நூலால் கட்டி, வான் வண்டியின் தரையில் வைக்கோல் பரப்பி, அடுக்கடுக்காக ஏற்றுகிறோம். மேல் அடுக்கு ஆடக் கூடாது, கீழ் அடுக்கு நசுங்கக் கூடாது. வெயில் ஏறுவதற்குள் நகரத்துக்குள் வந்துவிட வேண்டும். பிந்தினால் புளிப்பு ஏறி, ஓரத்தில் தண்ணீர் பிரிந்து நிற்கும். கடைக்காரர் தாளைத் தூக்கிப் பார்த்து, சட்டியை இலேசாகச் சாய்ப்பார். தண்ணீர் ஓடி வந்தால் ஒன்றில் விலை இறங்கும், அல்லது சட்டி திரும்பும். திரும்பிய சட்டியை நான் பட்டிக்காரரிடம் கொண்டுபோய் நீட்ட முடியாது. நீட்டினால் நாளைக்கு அவர் பாலை வேறொருவருக்கு ஊற்றிவிடுவார். உடைந்ததும் புளித்ததும் என் கணக்கில்தான் விழும்.

இது ஒருநாள் வேலை. வருடம் முழுவதும் இது ஒரே சீராக இருப்பதுமில்லை. அறுவடை முடிந்து வயல்கள் மேய்ச்சலுக்குத் திறந்துவிட்டால் பால் பெருகும், எல்லாப் பட்டிக்காரரும் ஒரே நேரத்தில் அழைப்பார்கள், நகரத்தில் அவ்வளவையும் வாங்க ஆள் இருக்காது. வயல் விதைத்துவிட்டாலோ மாடுகளைக் காட்டோரத்துக்கு ஓட்டிவிட வேண்டும். அப்போது பாலும் குறையும், நான் போய் எடுக்க வேண்டிய தூரமும் கூடும். மேய்ச்சல் தரைப் பிரச்சினை உங்கள் மேசைக்கு வேறொரு தலைப்பில் வருகிறது. அது தயிரின் விலைக்குள்ளும் இருக்கிறது என்பதை இங்கே ஒரு வரி சொல்லி வைக்கிறேன்.

இனிக் காசு போகும் வழியைப் பாருங்கள். பட்டிக்காரருக்கு நான் கையில் காசு கொடுக்க வேண்டும். அவர் வீட்டில் அடுப்பு எரிவதும் பிள்ளையின் டியூஷனும் அதில்தான். கடைக்காரர் அடுத்த தடவை சட்டி இறக்கும்போது இந்தத் தடவைக் காசைத் தருவார். ஹோட்டல் பற்றுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு மாதம் ஒன்றரை மாதம் கழித்துத் திகதியிட்ட காசோலை தரும். அரச நிறுவனங்களைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரலாம். அப்படி ஒன்றுக்குத் தயிர் போட்டேன், பெயர் வேண்டாம். கேள்விப்பத்திரம் ஒழுங்கு, விலை ஒழுங்கு, தரத்திலும் குறை சொல்லவில்லை. காசு கேட்டால் மட்டும் ‘ஒதுக்கீடு வரவில்லை’ என்ற ஒரே பதில். பெரும்போக அறுவடை நேரம் போட்ட தயிரின் காசு, சிறுபோக அறுவடையும் முடிந்த பிறகுதான் கைக்கு வந்தது. அத்தனை மாதமும் பட்டிக்காரர் காத்திருந்தாரா? இல்லை, அவருக்கு அன்றன்றே கொடுத்தாயிற்று. காத்திருந்தவன் நான். அந்தக் காத்திருப்புக்கு வட்டி கட்டியவனும் நான்.

சட்டியின் விலையில் நான் எடுத்துக்கொள்ளும் பங்கில் வண்டிச் செலவு, உடைசல், புளித்தது போக மிச்சமெல்லாம் இந்தக் காத்திருப்புக்கான கூலிதான். என்னை ஒழித்துவிட்டால் காத்திருப்பு ஒழிந்துவிடாது. அது நேரே போய்ப் பட்டிக்காரர் தலையில் ஏறும், அல்லது ஹோட்டல்காரர் கொழும்பு வழங்குநர் ஒருவரிடம் பிளாஸ்டிக் கோப்பைத் தயிர் வாங்கிக்கொள்வார். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் வெள்ளைக்காரர் காலை உணவுக்குச் சாப்பிடும் தயிர் எங்கிருந்து வருகிறது என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

எங்களில் கொள்ளைக்காரர் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதைப் பார்க்க மாசி, பங்குனியில் தம்பலகாமத்துக்கோ மூதூருக்கோ வாருங்கள். அறுவடை இயந்திரம் ஒரே மூச்சில் வெட்டி அடித்து, ஈரம் காயாத நெல்லை மூட்டையில் கொட்டிவிடுகிறது. இயந்திரக் கூலி அன்றே வேண்டும், உரக்கடைக் கடன் காத்திருக்கிறது. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் அறிவித்த விலை நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா, சம்பாவுக்கு 125, கீரிச் சம்பாவுக்கு 132. நல்ல விலைதான். ஆனால் அந்த முழு விலை, ஈரப்பதம் 14 சதவீதத்துக்குள் இருக்கும் நெல்லுக்கு. உலர்த்துவதற்கு இடம் எங்கே? தார் வீதியின் ஓரத்தில் படங்கு விரித்துக் காயவைக்கிறார்கள், மழைத்துளி விழுந்தால் அள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள். இந்த நேரம் பார்த்து வயல் வரம்போரம் ஒரு லொறி வந்து நிற்கும். அதில் தராசும் இருக்கும், காசும் இருக்கும். ஈரத்துக்கு இவ்வளவு கழிவு, மூட்டைக்கு இவ்வளவு கழிவு என்று அவர் சொல்வதுதான் கணக்கு. அவருடைய தராசைச் சோதித்துப் பார்க்க அங்கே எவரும் இல்லை. அரசாங்கக் களஞ்சியசாலைக் கதவு திறக்கும் நாளில் நெல்லில் பெரும்பகுதி பொலன்னறுவை ஆலைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். பிறகு அதே நெல் ஆலைக்காரரின் பெயர் அச்சிட்ட பையில் அரிசியாகத் திரும்பி வந்து தம்பலகாமத்துக் கடையில் தொங்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏறத்தாழ 160 கிலோ நெல்லைக் குற்றினால் 100 கிலோ அரிசி கிடைக்கும். 120 ரூபாவுக்கு நெல் வாங்கியிருந்தால் ஒரு கிலோ அரிசிக்கு நெல்லின் விலை மட்டும் 192 ரூபா. 2024 டிசம்பரில் நாட்டு அரிசிக்கு விதித்த உச்ச விலை மொத்த விற்பனைக்கு 225 ரூபா, சில்லறைக்கு 230. சில்லறைக் கடைக்காரருக்கு நடுவில் இருப்பது 5 ரூபா. பை கிழிந்து சிந்துவதும் எலி தின்பதும் கடன் கொடுத்து வராமல் போவதும் அந்த ஐந்துக்குள் அடங்க வேண்டும். மொத்த விலைக்கும் நெல் விலைக்கும் இடையிலான 33 ரூபாவில் ஆலைக் கூலியும் லொறிக் கூலியும் போக வேண்டும், தவிட்டில் கொஞ்சம் தேறும். இப்போது நெல்லை 120க்கு வாங்காமல் ஈரத்தைச் சாட்டி 10 ரூபா குறைத்து வாங்கியிருந்தால்? ஒரு கிலோ அரிசிக்கு 16 ரூபா மேலதிகமாக நிற்கிறது. அந்த ஈர நெல் காய்ந்து எடை குறையும் என்பதும் உண்மைதான், ஆனால் அதற்கான கழிவை மூட்டையிலேயே எடுத்தாயிற்றே. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை அதிகாரிகள் 230க்கு மேல் இரண்டு ரூபா வைத்து விற்ற பெட்டிக்கடைக்காரரைப் பிடித்து வழக்குப் போடுவார்கள். வரம்போரத்து லொறியைத் தேடி எவரும் போவதில்லை.

சங்கிலியின் இரண்டு முனையிலும் அரசாங்கம் விலை எழுதி வைத்திருக்கிறது. நடுவில் விலையைத் தீர்மானிப்பது உலர்த்தும் தளமும் கையில் காசும் உள்ளவர். இடைத்தரகர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருப்பதைவிட, அவர்களுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுப்பது எது என்று நீங்கள் கேட்டிருந்தால், இத்தனை கூட்டங்களில் ஏதாவது ஒன்றில் விடை கிடைத்திருக்கும்.

கடற்கரையிலும் இதுதான் நடக்கிறது, கடன் மட்டும் இன்னும் ஆழம். இயந்திரமும் வலையும் ஐஸும் வாடிக்காரர், அதாவது கரையில் மீன் வாங்கும் முதலாளி, கொடுத்தவை, ஆகவே மீனும் அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவானது. அந்த வாரம் எந்த வங்கியும் கடற்றொழிலாளியின் வாசலுக்கு வரவில்லை, வாடிக்காரர்தான் கொடுத்தார். கொடுத்ததைப் பாரையிலும் சூரையிலும் திருப்பி எடுத்தார். மீன் இரவோடு இரவாகக் கூலர் லொறியில் கொழும்புக்குப் பக்கத்துப் பேலியகொடைக்குப் போகிறது. 2011இல் கொழும்புப் புறக்கோட்டையிலிருந்து அங்கே மாறிய அந்த மொத்தச் சந்தையில் விடியற்காலை என்ன விலை விழுகிறதோ, அது தொலைபேசியில் திரும்பி வந்து இங்கே நம் சந்தையின் விலையாகிறது. கொட்டியார் குடாவில் பிடித்த மீனுக்குத் திருகோணமலைக் குடும்பப் பெண் 250 கிலோமீற்றருக்கு அப்பால் கூவிய விலையைக் கொடுக்கிறாள். 1964இல் கடற்றொழில் கூட்டுத்தாபனத்தை ஆரம்பித்ததே இதை மாற்றத்தான். கூட்டுத்தாபனம் மீனை வாங்கும், ஆனால் புயல் நாளில் வலை அறுந்தால் மறுநாள் காலையில் வலை வாங்கக் காசு கொடுக்காது. வாடியை வெல்ல வேண்டுமானால் அதைத்தான் முதலில் கொடுக்க வேண்டும்.

இப்போது எதிர்த்திசையைப் பாருங்கள். வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் கடைசிக் கிராமத்துக் கடையில் என்ன இல்லை? பிஸ்கட், சவர்க்காரம், பால்மா, ஷாம்பு எல்லாம் உண்டு. கம்பனியிலிருந்து பிரதேச விநியோகஸ்தர், அவரிடமிருந்து விற்பனைப் பிரதிநிதி, அவரிடமிருந்து கடை. குறித்த கிழமையில் பிரதிநிதி வருவார், ஓடர் எடுப்பார், பின்னால் வான் வந்து இறக்கும், காலாவதியானதைத் திருப்பி எடுத்துக்கொள்ளும், காசுக்கு அடுத்த வாரம்வரை தவணை உண்டு. சீனக்குடாவில் 1980இலிருந்து இயங்கும் பிரிமா மாவு ஆலையைப் பாருங்கள். கோதுமை கப்பலில் வருகிறது, மாவு ரயிலிலும் லொறியிலும் நாடு முழுவதும் போகிறது. கடலுக்கு அப்பாலிருந்து வந்த கோதுமை நம் ஊரிலிருந்து மாத்தறைவரை பிசகில்லாமல் போய்ச் சேர்கிறது, மூதூர்த் தயிர் வவுனியாவுக்குப் போக வழியில்லை. மாவு போகும் பாதையில் இடையாட்கள் குறைவா? வரிசையாக நிற்கிறார்கள். அவர்களை ஒழிக்கச் சொல்லி யாரும் மேடையில் பேசி நான் கேட்டதில்லை. அங்கே களஞ்சியம் இருக்கிறது, தவறாத ஓடர் இருக்கிறது, தவணை எழுத்தில் இருக்கிறது, ஆகவே ஒவ்வொரு கையும் சிறு பங்கோடு திருப்திப்படுகிறது. நம் மாவட்டத்துக்குள் பொருள் வருவதற்கு ஒழுங்கான வழி உண்டு, இங்கிருந்து வெளியே போவதற்கு இருப்பதெல்லாம் கடன்தான். இறக்கிவிட்டுப் போகும் வான்கள் வெறுமையாகத் திரும்புகின்றன. அவற்றின் பின்னால் நான் டீசல் எரித்துக்கொண்டு சட்டி ஏற்றப் போகிறேன்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் நல்ல நிலையில் இருந்த காலத்தில், பங்கீட்டு அரிசியும் சீனியும் மாவும் கொண்டுவந்து இறக்கிய அதே சங்கம், நெல் சந்தைப்படுத்தும் சபையின் முகவராக ஊர் நெல்லையும் வாங்கியது. ஒரே கடை, ஒரே களஞ்சியம், ஒரே புத்தகம், இரண்டு திசை வியாபாரம். அந்தக் காலத்து ஊழலும் வரிசையும் எனக்குத் தெரியும், அந்தப் பொற்காலத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று அழவில்லை. இரண்டு திசையையும் ஒரே இடத்தில் முடிச்சுப் போட்ட அந்த ஏற்பாடு கெட்டிக்காரத்தனமானது என்று மட்டும் சொல்கிறேன்.

பாதை போட்டால் எல்லாம் சரியாகும் என்பது உங்களுடைய இன்னொரு நம்பிக்கை. 2009இல் கிண்ணியாப் பாலமும், அதையடுத்து மட்டக்களப்பு வீதியின் பாலங்களும் திறந்தபோது நான் மகிழ்ந்தவன்தான். அதற்கு முன் மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் வந்த சட்டிகளின் கதி என்ன என்பது ஜெற்றியில் நின்றவர்களுக்குத் தெரியும். ஆனால் பாலத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. என் வான் அந்தப் பக்கம் போனது, கொழும்பு லொறி இந்தப் பக்கம் வந்தது. மூதூர்க் கடையிலேயே இப்போது கோப்பைத் தயிர் விற்கிறது. கந்தளாய்ப் பக்கத்துக் கத்தரிக்காய் சில நாட்களில் 1999இல் திறந்த தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் என்ற மொத்தச் சந்தைக்குப் போய், அங்கே தரகும் மூட்டைக் கழிவும் கொடுத்துவிட்டு, வேறொரு லொறியில் ஏறி நம் சந்தைக்கே வருகிறது. போக வர நூற்றைம்பது கிலோமீற்றர் தாண்டும். காய்கறி, பழங்களில் நாட்டில் முப்பது நாற்பது சதவீதம் அறுவடைக்குப் பின் பழுதாகிறது என்று அரச நிறுவனங்களே சொல்கின்றன. அந்தக் கத்தரிக்காயைப் பார்த்தால் உங்களுக்கும் நம்பிக்கை வந்துவிடும்.

சின்ன வெங்காயத்தைப் பற்றி நிறையச் சொல்லலாம், விடுகிறேன். இறக்குமதி வெங்காயத்துக்கான வரி இரவில் குறைந்தால் காலையில் குச்சவெளியில் விலை விழுகிறது என்பதையும், அறுவடை மாதத்தை யாராவது கொழும்புக்கு முன்கூட்டியே எழுதி அனுப்பலாம் என்பதையும் மட்டும் பதிவு செய்கிறேன்.

அப்படியானால் என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். புதிய சந்தைக் கட்டடம் வேண்டாம். திறப்பு விழாவோடு பூட்டுப் போட்ட கட்டடங்கள் நமக்குப் போதுமான அளவு இருக்கின்றன. அவற்றில் ஒன்றிரண்டின் முற்றத்தை நெல் உலர்த்தும் தளமாக்குங்கள், உலர்த்தும் இயந்திரம் கிடைக்குமானால் கமநல சேவை நிலையத்தில் வைத்து, தை பிறப்பதற்கு முன் ஓட்டிப் பாருங்கள். ஈர நெல்லோடு நிற்கும் விவசாயிக்கு நான்கு நாள் பொறுத்திருக்க முடிந்தால், லொறிக்காரர் தானாக விலையை ஏற்றுவார். களஞ்சியத்தில் நெல்லை வைத்துக்கொண்டு அதன்பேரில் கூட்டுறவுக் கிராமிய வங்கியில் முற்பணம் எடுக்க வழி செய்தால் இன்னும் நல்லது.

அதைவிடச் செலவில்லாதது, நிறைகளைச் சோதிக்கும் அதிகாரிகளை அறுவடைக் காலத்தில் கடைத் தெருவிலிருந்து வயற்கரைக்கு அனுப்புவது. மீன் இறங்குதுறைகளில் ஒரு பலகை வைத்து, அன்றைய பேலியகொடை விலையை விடியற்காலையில் எழுதுவது. எழுதுவதற்குத் தேவை ஒரு தொலைபேசியும் ஒரு துண்டு சுண்ணக்கட்டியும்.

எங்களையும் சும்மா விடாதீர்கள். என்னைப் போல் வாங்கி விற்பவர் ஒவ்வொருவரும் பிரதேச செயலகத்தில் பதிய வேண்டும், வாங்கும்போது நிறை, விலை, கழிவு மூன்றையும் எழுதித் துண்டு கொடுக்க வேண்டும் என்று விதியுங்கள். என் தோழர்கள் சிலருக்கு இந்த வாக்கியம் பிடிக்காது. கழிவை எழுத்தில் போட வேண்டி வந்தால் அதில் பாதி தானாகக் குறைந்துவிடும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

கடைசியாக, உங்கள் கையிலேயே இருக்கும் வேலை. மாவட்டத்தின் வைத்தியசாலைகளும் விடுதிகளும் முகாம்களும் தினமும் எத்தனையோ பேருக்குச் சமைக்கின்றன. பாடசாலைகளில் மதிய உணவு போடுகிறார்கள். இவற்றுக்கு இந்த மாவட்டத்து அரிசியையும் மீனையும் தயிரையும் வாங்கலாம், வாங்கினால் இரண்டு வாரத்துக்குள் காசு கொடுக்கலாம். அப்படிக் காசு வருமென்றால் பட்டிக்காரர்களின் சங்கமே நேரடியாக வழங்கும், நடுவில் நான் தேவையில்லை. நீங்கள் விரும்பியபடி நான் ஒழிந்துவிடுவேன், வெங்காயத்தோடு மட்டும் பிழைத்துக்கொள்வேன்.

பெரும்போக அறுவடைக்கு முன் நீங்கள் கூடும் கூட்டத்தில், மாவட்டத்திலுள்ள ஒவ்வொரு அரச நிறுவனமும் உள்ளூர் வழங்குநர்களுக்கு எவ்வளவு காசு, எத்தனை மாதமாக நிலுவை வைத்திருக்கிறது என்ற பட்டியலைக் கணக்காளர்களிடம் வாங்கி மேசையில் வையுங்கள். வேறு எந்த விடயமும் எடுக்க நேரமில்லாவிட்டாலும் பரவாயில்லை, அதை மட்டும் சத்தமாக வாசியுங்கள். ஏதோ ஒரு வரியில் என் பெயரும் வரும்.

இப்படிக்கு,
திருகோணமலை நகரத்துச் சிறு மொத்த வியாபாரி ஒருவர்